அடுப்புக்கு மேலே கொடி

மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. காலை எட்டு மணிக்குப் பிழிந்து உதறிப் போட்ட சேலையைப் பத்தரைக்கு எடுத்து மடித்துவிடலாம். சித்திரை, வைகாசியில் அவ்வளவு நேரமும் ஆகாது. அதனாலேயே துணி உலர்த்துவதை இந்த ஊரில் யாரும் ஒரு வேலையாகக் கணக்கில் வைப்பதில்லை. துவைப்பது வீட்டுப் பெண்ணின் வேலை, காயவைப்பது சூரியனின் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில்தான் அந்த வேலையும் யார் தலையில் இருக்கிறது என்பது தெரியவரும்.

அடைமழை நான்கு நாள் பிடித்தால் துணி வீட்டுக்குள் வந்துவிடும். கட்டில் கம்பி, கதவு முனை, ஜன்னல், பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகு எல்லாம் கொடியாகும். அதிலும் ஒரு வரிசை உண்டு. மின்விசிறிக்கு நேர்கீழே பிள்ளைகளின் பள்ளிச் சீருடை. அடுத்து, ஆண்கள் மறுநாள் வேலைக்குப் போட்டுப்போக வேண்டிய சட்டையும் பேண்ட்டும். பிறகு வேட்டி, கைலி, போர்வை. பெண்களின் சேலையும் நைட்டியும் சுவரோரம். உள்பாவாடைக்கும் பிராவுக்கும் ஜட்டிக்கும் மாதவிலக்குத் துணிக்கும் அந்த அறையில் இடமே கிடையாது. வெயில் காலத்திலேயே அவை மாடிக்கொடியில் துண்டுக்கு அடியில் ஒளிந்துதான் காயும். மழைக்காலத்தில் அவை போய்ச் சேருமிடம் சமையலறை. வீட்டில் ஆண்கள் நிற்காத ஒரே அறை அதுதான்.

செல்லூரில் நான் வளர்ந்த வளவில் ஆறு வீடுகள். ஆறு வீட்டிலும் அடுப்புக்கு மேலே ஒரு கொடி இருந்தது. ஆணிக்கு ஆணி கட்டிய நைலான் கயிறு, புகையில் கறுத்துப்போனது. இரவுச் சமையல் முடிந்து எல்லோரும் படுத்த பிறகு, மண்ணெண்ணெய் அடுப்பின் திரியை இறக்கி வைத்து, அந்தச் சூட்டில் உள்துணிகள் காயும். கேஸ் வந்த பிறகு சிம்மில் வைத்துக் காய்ந்தன. பிள்ளை பெற்ற வீட்டில் கைக்குழந்தையின் துணியும் அங்கேதான். எந்தப் பெண்ணும் இன்னொருத்திக்கு இதைச் சொல்லிக்கொடுத்ததாக எனக்கு நினைவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

எரிவாயுவில் துணி உலர்த்துவதற்கென்றே ஓர் இயந்திரம் இருக்கிறது என்பதை, அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தி மகள் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். வாங்கிய வீட்டில் கேஸ் டிரையர் மாட்டுகிறார்கள் என்று அவள் சொன்னபோது எனக்கு முதலில் தோன்றியது, அது எங்கள் அடுப்புக் கொடிதானே என்பதுதான். இரண்டு மூன்று நாள் அவளைத் தொல்லை செய்து அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டிரம் மின்சாரத்தில் சுற்றுகிறது. கீழே ஒரு பர்னர் எரிந்து காற்றைச் சூடாக்குகிறது. அந்தச் சூடான காற்று ஈரத்துணியின் ஊடாகப் போய், ஈரத்தையும் எரிந்த வாயுவையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஒரு குழாய் வழியாக வீட்டுக்கு வெளியே போய்விடுகிறது. இயந்திரம் இவ்வளவுதான். ஆனால் அதை மாட்டுவதற்குத்தான் எத்தனை விதிகள். வெளியேற்றும் குழாய் உலோகத்தில் இருக்க வேண்டும். நீளம் குறைவாக, வளைவு குறைவாக இருக்க வேண்டும். அது பரணிலோ பக்கத்து அறையிலோ முடியக்கூடாது, வெட்டவெளியில்தான் முடிய வேண்டும். இயந்திரத்துக்கென்று தனி மூடுகுழாய், கையெட்டும் தூரத்தில். பழைய இணைப்புக் குழாயைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். இயந்திரம் இருக்கும் அறைக்குள் புதிய காற்று வர வழி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு சேர்ந்தால் கூவும் கருவி வீட்டில் இருக்க வேண்டும். துணியிலிருந்து உதிரும் பஞ்சுத்தூசு வடிகட்டியில் சேரும். ஒவ்வொரு முறையும் அதை எடுத்துவிட வேண்டும். எண்ணெய் ஊறிய துணியை உள்ளே போடவே கூடாது. குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்கென்று செய்த இயந்திரத்தை சிலிண்டர் கேஸில் ஓட்ட வேண்டுமென்றால், பர்னரின் துளைக்குழலை அதற்கேற்ற உதிரிபாகங்கள் கொண்டு தகுதியுள்ளவர் மாற்றித் தர வேண்டும்.

இவ்வளவும் எழுதி வைத்திருக்கும் அந்த நாட்டிலேயே 2008 முதல் 2010 வரையிலான கணக்கில், ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீ விபத்துகள் வீடுகளில் நடந்ததாக அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் சொல்கிறது. மின்சார டிரையரும் அதில் சேர்த்திதான். முதல் காரணம், சுத்தம் செய்யாமல் விட்டது.

அவள் சொன்னதில் இன்னொன்றும் மனதில் நின்றது. "அக்கா, மாட்ட வந்தவன் வாசல்ல நின்னுக்கிட்டு 'ஹஸ்பண்ட் இருக்காரா'ன்னு கேக்குறான். அவரு ஆபீஸ்ல. நான்தான் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா கேட்டேன். அப்புறம்தான் என் மொகத்தைப் பாத்துப் பேசுனான்." கடல் தாண்டினாலும் இந்தக் கேள்வி மாறவில்லை. ஆனால் அவள் கையில் ஒரு புத்தகம் இருந்தது.

அந்த விதிகளை எல்லாம் ஒதுக்கி வைத்துப் பார்த்தால் நான்கே கேள்விகள்தான் மிஞ்சுகின்றன. எரிவாயு எங்கே கசியக்கூடும்? எரியக் காற்று எங்கிருந்து வரும்? எரிந்த காற்று எங்கே போகும்? பக்கத்தில் எரியக்கூடியது என்ன இருக்கிறது? எங்கள் வளவின் ஆறு சமையலறைகளில் ஒன்றுகூட இந்த நான்குக்கும் பதில் சொல்லியிருக்காது. கதவைச் சாத்திய சிறிய அறை. கைகுட்டை அளவு ஜன்னல், மழைச்சாரலுக்காக அடைத்தது. தீக்கு மேலே ஒன்றரை அடியில் பாலியஸ்டர் துணி. அந்தத் துணியிலிருந்து சொட்டும் நீர் சிம் தீயை அணைத்துவிடலாம். தீ அணைந்தால் டிரையரில் எரிவாயு தானாக நின்றுவிடும். நம் வீட்டு அடுப்புகளில் பெரும்பாலானவற்றில் அந்த ஏற்பாடு இல்லை. தீ அணைந்த பிறகும் கேஸ் வந்துகொண்டேயிருக்கும். எல்லோரும் தூங்கும் நேரத்தில்.

எங்கள் வீட்டுக்கு கேஸ் வந்தது 1999-ல். இந்தியாவில் பம்பாயில் 1955-லேயே பர்மா ஷெல் நிறுவனம் சிலிண்டர் எரிவாயுவைக் கொண்டுவந்துவிட்டது. 1965-ல் கல்கத்தாவில் இண்டேன் தொடங்கியது. செல்லூர் வளவுக்கு அது வந்து சேர அதற்கு மேல் முப்பது வருடத்துக்கும் அதிகமாகியிருக்கிறது. விறகு, மரத்தூள், மண்ணெண்ணெய் என்று கண் எரிய ஊதிக்கொண்டிருந்த அம்மாவுக்கு அது எத்தனை பெரிய விடுதலை என்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். முதல் நாள் பால் காய்ச்சிவிட்டுப் பாத்திரத்தின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கரி இல்லை.

இணைப்பு அப்பா பெயரில். மாட்டித் தர வந்தவர் அப்பாவைச் சமையலறைக்குள் அழைத்தார். அப்பா அந்த அறைக்குள் நின்று நான் பார்த்தது அன்றுதான். ரெகுலேட்டரை எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது, டியூப்பை எப்போது மாற்றுவது, வாடை வந்தால் என்ன செய்வது எல்லாம் அப்பாவிடம் சொல்லப்பட்டது. "சரிங்க, சரிங்க" என்று அப்பா தலையாட்டினார். அம்மா நிலைக்கதவுக்குப் பின்னால் நின்றிருந்தார். கிளம்பும்போது அவர் அம்மா பக்கம் திரும்பிச் சொன்னது ஒன்றுதான்: "அம்மா, சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு பத்திரமா சமைங்க."

அப்பா சாகும்வரை ஒரு தடவையும் அந்த அடுப்பைப் பற்ற வைத்ததில்லை.

இதை நான் பல வீடுகளில் கேட்டுப் பார்த்திருக்கிறேன். பாதுகாப்பு பற்றி ஆண்களிடம் பேசும்போது பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள்: டியூப், வால்வு, தேதி. பெண்களிடம் பேசும்போது அவள் உடம்பைப் பற்றிப் பேசுகிறார்கள்: முந்தானை, கூந்தல், நைலான் உடுத்தாதே, அடுப்படியில் போன் பேசாதே. முதலாவது அறிவு. இரண்டாவது எச்சரிக்கை. எச்சரிக்கை பொய்யில்லை, முந்தானையில் தீப்பிடிக்கத்தான் செய்யும். ஆனால் எச்சரிக்கையை மட்டும் வாங்கிக்கொண்டவளுக்கு, ஏதாவது நடந்தால் பழி மட்டுமே மிஞ்சுகிறது. பொருளைத் தெரிந்துகொண்டவளுக்குத்தான் கேள்வி கேட்க வாய் வரும்.

அரசியல் கட்சிகளுக்கு அடுப்பின் முன்னால் நிற்பவள் யார் என்பது தெரியும். 2006 தேர்தலில் தி.மு.க. இலவச கேஸ் அடுப்பை வாக்குறுதியாகக் கொடுத்து, 2007 முதல் வழங்கியது. 2016 மே 1-ல் தொடங்கிய மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தில் இணைப்பே வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துப் பெண்ணின் பெயரில்தான். 2021 தேர்தலில் அ.தி.மு.க. வாஷிங் மெஷினும் ஆண்டுக்கு ஆறு சிலிண்டரும் இலவசம் என்றது, தி.மு.க. சிலிண்டருக்கு நூறு ரூபாய் மானியம் என்றது. துவைக்க இயந்திரம், எரிக்க வாயு. துணி உலர்த்த ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. சூரியன் இருக்கிறதே. பெண்ணின் பெயரில் சிலிண்டர் வருவது நல்லதுதான். பெயர் வந்த வீட்டில் விளக்கமும் அவளிடம் வந்ததா என்பதே என் கேள்வி.

வாங்கிப் படித்தும் கேஸ்காரர்களிடம் கேட்டும் நான் தெரிந்துகொண்டது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பத்தாம் வகுப்பு படித்த எந்தப் பெண்ணும் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்த வாயு. அதற்கு இயற்கையில் வாடை கிடையாது. கசிவு தெரிவதற்காக எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். இது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தண்ணீர் மாதிரி தரையில் இறங்கி, மேடைக்கு அடியிலும் அலமாரிக்குள்ளும் தேங்கும். அதனால் மேலே எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை விட்டால் மட்டும் போதாது; தரையோடு ஒட்டிக் காற்று வெளியேற வழி வேண்டும். வெளிநாட்டுக் காணொளிகளில் உயரத்து ஜன்னலைத் திறக்கச் சொல்வது குழாய்வழி வரும் இயற்கை எரிவாயுவுக்குப் பொருந்தும். அது காற்றைவிட லேசானது, மேலே போகும். நம் சிலிண்டருக்கு அந்தப் பாடம் உதவாது.

சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும், படுக்கவைக்கக் கூடாது. அடுப்பு மேடையில், சிலிண்டர் அதைவிடத் தாழ்வாகத் தரையில். கதவு போட்ட அலமாரிக்குள் வைப்பதென்றால் கதவின் கீழும் மேலும் காற்றுத் துளை வேண்டும். அழகுக்காக இறுக்கி மூடிய அலமாரி ஒரு எரிவாயுப் பெட்டி. டியூப் ஆரஞ்சு நிறத்தில், உள்ளே கம்பி வலை வைத்து, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்க வேண்டும். ஒன்றரை மீட்டருக்கு மேல் போகக் கூடாது. இரண்டு துண்டை ஒட்டுப்போடக் கூடாது. ஐந்து வருடத்தில் மாற்றிவிட வேண்டும். சிலிண்டரின் கழுத்துத் தகட்டில் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ஏ என்றால் மார்ச், பி என்றால் ஜூன், சி என்றால் செப்டம்பர், டி என்றால் டிசம்பர்; எண் வருடம். அந்த மாதத்துக்குள் அந்தச் சிலிண்டர் மறுசோதனைக்குப் போக வேண்டும். தேதி கடந்ததைக் கொண்டுவந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பலாம்.

வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது; இரண்டிலும் பொறி வரும். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேச வேண்டும். இரவிலும் எடுப்பார்கள். கசிவு இருக்கிறதா என்று தீக்குச்சியால் பார்க்கும் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. துணி துவைக்கிற சோப்பைக் கரைத்து நுரையைத் தடவினால் போதும். கசியும் இடத்தில் குமிழி பூக்கும். பெட்ரோலிய நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீடு, பதிவுபெற்ற எல்லா வாடிக்கையாளருக்கும் உண்டு. தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. எத்தனை பெண்களுக்கு இது தெரியும்?

தீ மட்டும்தான் ஆபத்து என்று நினைத்துவிடவும் கூடாது. காற்றுப் போதாத இடத்தில் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு போய் உட்கார்ந்துகொள்ளும். வெந்நீருக்காகக் குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டி, கதவைச் சாத்திக் குளித்தவர்கள் மயங்கி விழுந்ததையும் இறந்ததையும் பார்த்து இந்திய நரம்பியல் மருத்துவர்கள் அதற்கு 'கேஸ் கீசர் சிண்ட்ரோம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கீசரை வெளிச்சுவரில் மாட்டி வெந்நீரை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் தீர்ந்தது. கதவு சாத்திய சமையலறையில் இரவெல்லாம் சிம்மில் எரியும் அடுப்பும் இதே கணக்குதான்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொள்ளத் தொடங்கியதற்குக் காரணம் கேஸ் அல்ல, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. 1993-ல், நான் பத்தாவது படித்தபோது, எங்கள் வளவில் மூன்றாவது வீட்டு அக்கா தீப்பட்டு இறந்துபோனார். மழைக்காலம். "ராத்திரி துணி காயப்போட்டிருக்கா, ஸ்டவ் வெடிச்சிருச்சு" என்று அந்த வீட்டார் சொன்னார்கள். மறுநாள் அதுவே எல்லோர் வாயிலும் வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தார். அவருக்குக் கல்யாணமாகி ஒன்பது வருடம். ஏழு வருடத்துக்குள் இறந்தால் கோட்டாட்சியர் விசாரணை என்று சட்டம் இருந்தது. அக்காவுக்கு அது தாண்டிவிட்டிருந்தது.

வளவுப் பெண்கள் குழாயடியில் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டார்கள். நான் குடத்தோடு நின்று கேட்டேன். அம்மா சொன்னார்: "அவ வச்சிருந்தது திரி ஸ்டவ்வுல்ல? பம்ப் ஸ்டவ்னா வெடிக்கும். திரி ஸ்டவ் எங்கிட்டு வெடிக்கும்?" ஐந்து பெண்களும் பேசாமல் இருந்தார்கள். பிறகு மதினி ஒருவர் "சின்னப்புள்ள நிக்குது" என்றார்.

பம்ப் ஸ்டவ்வில் தொட்டிக்குள் காற்றடித்து அழுத்தம் ஏற்ற வேண்டும். துளை அடைத்தாலோ தொட்டி பழுதானாலோ அது வெடிக்கக்கூடும். திரி ஸ்டவ்வில் அழுத்தம் ஏற்றுவதே இல்லை. துணித்திரி எண்ணெயை உறிஞ்சி எரிகிறது. அது கவிழலாம், குப்பென்று பற்றிக்கொள்ளலாம். பம்ப் ஸ்டவ் மாதிரி வெடிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. வளவில் எல்லாப் பெண்களுக்கும் இது தெரியும். அக்காவின் அடுப்பு எது என்பதும் தெரியும். அவர்கள் ஒன்றாகத்தான் ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நின்றார்கள். விசாரிக்க வந்தவர்கள் வளவு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆண்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். அடுப்பைத் தெரிந்த ஒருத்தியிடமும் கேட்கவில்லை.

அன்று அந்த வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது, அது ஐந்து பெண்களின் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது என்பது தெரியும்.

2009-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு, இந்தியாவில் 2001-ம் ஆண்டில் மட்டும் 1,63,000-க்கும் அதிகமானோர் தீயால் இறந்திருப்பார்கள் என்று மதிப்பிட்டது. அவர்களில் 1,06,000 பேர் பெண்கள். பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குள். போலீஸ் கணக்கைவிட இது ஆறு மடங்கு அதிகம். விபத்து, தற்கொலை, கொலை மூன்றும் அந்த எண்ணுக்குள் இருக்கின்றன. அடுப்புகள் மட்டும் இளம்பெண்களைத் தேடிப் பிடித்து எரிப்பதில்லை. ஆனால் "கவனக்குறைவு" என்ற ஒரு சொல் மூன்றையும் மூடிவிடப் போதுமானதாக இருக்கிறது. வரதட்சிணை மரணத்துக்கென்று 1986-ல் தண்டனைச் சட்டத்தில் 304பி பிரிவு சேர்ந்தது; 2024 ஜூலையிலிருந்து அது புதிய சட்டத்தில் 80-வது பிரிவு. எண் மாறியிருக்கிறது. "சமைக்கும்போது சேலையில் தீப்பிடித்தது" என்ற வாக்கியம் மாறவில்லை.

இதோடு ஒப்பிட எங்கள் ஊரிலேயே ஒரு நிகழ்வு இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில் நிலையத்துக்கு அருகே நின்றிருந்த சுற்றுலா ரயில் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து வந்த யாத்ரீகர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த சிலிண்டரில் தேநீர் போடும்போது தீப்பிடித்தது என்று ரயில்வே சொன்னது. சிலிண்டர் எப்படி ஏறியது, யார் கொண்டுவந்தது, யார் சோதித்திருக்க வேண்டும் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை நடத்தினார். அப்படித்தான் நடக்க வேண்டும். பொது இடத்தில் கேஸ் கொன்றால் பொருளைப் பற்றிய கேள்விகள் எழுகின்றன. சமையலறையில் கேஸ் கொன்றால் பெண்ணின் முந்தானையைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறார்கள். டியூப் எத்தனை வருடப் பழையது, வீட்டுக்காரர் ஏன் ஜன்னலை அடைத்துக் கட்டினார், வால்வு மூடியிருந்ததா என்று கேட்பவர் அரிது.

அதனால் அடுப்புக்கு மேலே கொடி கட்டாதே என்று பெண்களிடம் சொல்வதோடு இந்தக் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. கட்டக்கூடாதுதான். ஆனால் உள்பாவாடை ஏன் அங்கே போனது என்று கேட்காமல் அந்த அறிவுரைக்குப் பொருளில்லை. தீக்கு மேலே அதைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டது வெட்கம். மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்திருந்தால் அது அங்கேயே காய்ந்திருக்கும். இப்போது எங்கள் வீட்டில் மழை பிடித்தால், கூடத்தில் மடக்குக் கம்பி விரிகிறது. என் பிராவும் மகளின் ஜட்டியும் அண்ணன் மகனின் சட்டைக்குப் பக்கத்திலேயே கிளிப் போட்டுத் தொங்குகின்றன. விருந்தாளி வந்தால் பார்க்கட்டும். வெயில் வந்த அன்று அவை துண்டுக்கு மேலே, நேர் வெயிலில் காய்கின்றன. தொற்று வராமலிருக்க மருத்துவர்கள் சொல்வதும் அதைத்தான். எரிவாயு விபத்தைத் தடுக்கும் வழிகளில் இதையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும் என்பேன்.

மகளிர் விடுதிகளில், வாடகை வீடுகளில் இன்னும் இடமில்லை. மொட்டைமாடிச் சாவியை வீட்டுக்காரர் தருவதில்லை. "லைன் கட்டுனா வீடு அசிங்கமா தெரியுது" என்று வாடகை பேசும்போதே சொல்லிவிடுகிறார்கள். வீடு பார்க்கப் போகும்போது நான் இப்போது இரண்டு கேட்கிறேன்: மழைக்குத் துணி எங்கே காயப்போடுவது? சிலிண்டர் வைக்கும் இடத்தில் தரையோடு காற்று போக வழி எங்கே? முதல் கேள்விக்குச் சிரிக்கிறார்கள். இரண்டாவதுக்கு "உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க, பேசிக்கலாம்" என்கிறார்கள்.

அப்பா இறந்த பிறகு கேஸ் இணைப்பை அம்மா பெயருக்கு மாற்றினோம். இறப்புச் சான்றிதழ், எங்கள் மூவரின் சம்மதக் கடிதம், நான்கு நடை. வாங்கிவந்த நீலநிறப் புத்தகத்தை அம்மா அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். போன வருடம் ஏஜென்சியிலிருந்து ஐந்து வருடச் சோதனைக்கு ஓர் இளைஞர் வந்தார். சமையலறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டு, "கையெழுத்துப் போடுங்கம்மா" என்று நீட்டினார். அம்மா வாங்கவில்லை.

"உள்ள வாங்க தம்பி. டியூப்பைத் தொட்டே பாக்கலையே."

அவர் வந்தார். டியூப்பில் அச்சிட்டிருந்த வருடத்தைப் படித்துக் காட்டச் சொன்னார் அம்மா. ரெகுலேட்டரைக் கழற்றி வால்வுக்குள் ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஒரு கிண்ணத்தில் சோப்பு நுரையைத் தயாராக வைத்திருந்தார். ஒவ்வொரு இணைப்பிலும் தடவிப் பார்த்த பிறகு, "எங்கம்மா இதெல்லாம் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டார் அந்தத் தம்பி.

"சமைக்கிறது நாந்தானே" என்றார் அம்மா. பிறகு கையெழுத்துப் போட்டார்.